கொடிமலை சிம்லாவான கதை



பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால் நம் கூலாய்க் குடும்பங்களுள் பல பினாங்கிற்குப் புறப்பட்டுவிடுகின்றன. தண்ணீர்மலையில் முருகனை வணங்கி, ஜார்ஜ்டவுனில் சுவரோவியங்களுக்கு முன் நின்று படம் பிடித்துக்கொண்டு, கொடிமலை இரயிலேறி, மறுநாள் நெடுஞ்சாலை பிடித்து ஊர் திரும்புவது வழக்கம். அண்மைக் காலமாக அந்தப் பட்டியலில் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. 'அந்த ஆங்கிலத் தொடரை எடுத்த இடம்' என்று கைப்பேசியில் பார்த்துத் தேடிப் போகிறார்கள். போகட்டும், தவறில்லை. அந்த இடங்களில் பிள்ளைகளிடம் நாம் என்ன சொல்கிறோம் என்பது பற்றியே இன்று எழுத விரும்புகிறேன்.

அந்தத் தொடரின் பெயர் 'இந்தியன் சம்மர்ஸ்'. பிரிட்டனின் சேனல் 4 தொலைக்காட்சி அதனை 2015-ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஒளிபரப்பத் தொடங்கியது. பத்துப் பத்துப் பகுதிகளாக இரண்டு பருவங்கள் வந்தன, 2016-உடன் நின்றுபோனது. கதை நடப்பது சிம்லாவில். முதற்பருவம் 1932-ஆம் ஆண்டுக் கோடையிலும் இரண்டாம் பருவம் 1935-இலும் நிகழ்கின்றன. வெப்பம் தாளாமல் மலையேறும் வெள்ளை அதிகாரிகள், அவர்களுடைய விருந்துகள், காதல்கள், சூழ்ச்சிகள், அவற்றுக்கிடையே விடுதலைப் போராட்டம் என்று கதை நகரும். புகழ்பெற்ற நடிகை ஜூலி வால்டர்ஸ் வெள்ளையர் மன்றத்தை நடத்தும் அம்மையாராக நடித்திருந்தார்.

சிம்லாக் கதையை ஏன் சிம்லாவில் எடுக்கவில்லை? இன்றைய சிம்லாவில் புதுக்கட்டடங்கள் நெருங்கிவிட்டன. 1932-இன் தோற்றத்தை அங்கே காட்ட இயலாது. ஆகவே தயாரிப்பாளர்கள் பினாங்கிற்கு வந்தார்கள். 2008-இல் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைத் தகுதி பெற்ற ஜார்ஜ்டவுனின் பழைய தெருக்கள் சிம்லாவின் தெருக்களாயின. கொடிமலையில் பாழடைந்து கிடந்த கிராக் தங்குவிடுதி, பழுது நீக்கி வண்ணம் பூசப்பெற்று, இந்தியர்களை உறுப்பினராக ஏற்காத 'ராயல் சிம்லா மன்றம்' ஆயிற்று. உள்ளூர் மக்கள் பலர் துணை நடிகர்களாக நின்றார்கள். வடநாட்டுச் சந்தையில் நடமாடுவோராக நம் பினாங்கு இந்தியர்களைக் காணலாம்.

இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. டேவிட் லீன் 1984-இல் 'எ பேசேஜ் டு இந்தியா' எடுத்தபோது, வடநாட்டுக் கற்பனை ஊர் ஒன்றிலிருந்து மராபார் குகைகளுக்குச் செல்லும் இரயிலாக ஓடியது நம் நீலகிரி மலை இரயில்தான். 1999-இல் 'அன்னா அண்ட் தி கிங்' படத்திற்குத் தாய்லாந்து அனுமதி மறுக்கவே, மலேசியா சயாமாக நடித்தது. நம் கூலாயிலிருந்து சிறிது நேரப் பயணத்தில் இருக்கும் இஸ்கண்டார் படப்பிடிப்பு வளாகத்தில், அது பைன்வுட் என்ற பெயரில் இயங்கிய காலத்தில், 'மார்க்கோ போலோ' தொடருக்காகக் குப்ளாய் கானின் அரண்மனையை எழுப்பினார்கள். மங்கோலியப் பேரரசு செம்பனைக் காட்டுக்கு அருகில் குடிவந்தது என்று நான் வகுப்பில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

ஆனால் கொடிமலையின் செய்தி வேறு. அங்கே இந்தியாவாக நடித்த மண்ணுக்கு, உண்மையாகவே இந்தியர் வரலாறு ஒன்று உண்டு.

கதை நடப்பதாகச் சொல்லப்படும் அதே ஆண்டுகளில் பினாங்கில் என்ன நடந்தது? நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் 'ரஜூலா' போன்ற கப்பல்கள் வந்துகொண்டிருந்தன. வந்திறங்கிய தொழிலாளர்களை ஜெரெஜாக் தீவில் நோய்த்தடுப்பு முகாமில் வைத்திருந்து, பிறகு தோட்டங்களுக்கு அனுப்பினார்கள். 1930-களின் தொடக்கத்தில் உலகப் பொருளாதார மந்தத்தால் இரப்பர் விலை சரிந்தபோது, பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் அதே கடல்வழியில் திருப்பி அனுப்பப்பட்டார்கள். தந்தை பெரியார் 1929 டிசம்பரில் மலாயாப் பயணத்திற்கு வந்திறங்கியதும் பினாங்கில்தான். தொடரில் சிம்லாவுக்கு வேண்டிய பரபரப்பையெல்லாம் எழுத்தாளர் பால் ரட்மன் கற்பனை செய்தார். மலையடிவாரத்தில் கற்பனைக்கு வேலையே இல்லாதபடி அத்தனையும் நடந்திருக்கிறது.

கிராக் விடுதியைச் சற்று நின்று பார்க்க வேண்டும். சிங்கப்பூரின் ராஃபிள்ஸ் விடுதியை நடத்திய சார்க்கீஸ் சகோதரர்கள் ஒரு காலத்தில் இதனையும் நடத்தினார்கள். 1924-இல் மலை இரயில் வருவதற்கு முன்பு, வெள்ளைக்காரச் சீமான்களும் சீமாட்டிகளும் கூலிகள் தோளில் சுமக்கும் டோலிகளில் அமர்ந்து மேலே போனார்கள். 1955 முதல் 1977 வரை அந்தக் கட்டடத்தில் அப்லாண்ட்ஸ் பள்ளி இயங்கியது. அதனைத் தொடங்கியது தோட்டத் துரைமார்களின் சங்கம். தங்கள் பிள்ளைகள் தங்கிப் படிப்பதற்காகத் தொடங்கினார்கள். குளிர்ந்த காற்று, பெரிய சாளரங்கள், கீழே கடல்.

அதே துரைமார்களின் தோட்டங்களில் தமிழ்ப்பள்ளி எப்படி இருந்தது என்பதை இதைப் படிக்கும் மூத்த ஆசிரியர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொல்லிற்று. ஆகவே வைத்தார்கள். ஒரு கொட்டகை; ஓர் ஆசிரியர்; பல இடங்களில் அவர் கிராணியாகவோ கங்காணியாகவோ இருந்தார். அங்கே பெரட்டுக்கு மணியடித்ததும் பெற்றோர் பால்மரக் காட்டுக்குப் போவர். பிள்ளைகளில் பாதிப்பேர் உடன் போவர். இவ்விரண்டு பள்ளிகளையும் ஒரே பணம் நடத்தியது என்பதை நம் பிள்ளைகள் அறிய வேண்டாமா? கிராக் விடுதியைக் காட்டும் பெற்றோர் 'இங்கே படம் எடுத்தார்கள்' என்பதோடு நிறுத்திக்கொள்வது எனக்கு உடன்பாடில்லை.

என் நண்பர் ஒருவர், அவரும் ஆசிரியர், "பொழுதுபோக்கை ஏன் பாடமாக்குகிறீர்கள்?" என்று கேட்டார். படப்பிடிப்பால் தச்சர், ஓட்டுநர், சமையற்காரர், தையற்காரர் என எத்தனையோ பேருக்கு வேலை கிடைக்கிறதே என்றும் சொன்னார். உண்மைதான். வெளிநாட்டுத் தயாரிப்பாளர்களுக்கு அவர்கள் இங்கே செய்யும் செலவில் 30 விழுக்காட்டைத் திருப்பித் தரும் திட்டத்தை நம் நாடு நடத்தி வருவதும் அதற்காகத்தான். அதில் எனக்கு மனக்குறை இல்லை. ஆங்கிலேயர் தங்கள் பாட்டன்மார் கதையைத் தங்கள் பணத்தில் சொல்கிறார்கள். அவர்கள் நம் கதையைச் சொல்லவில்லை என்று அழுவது அழகன்று. 2020-இல் ஐடிவி ஒளிபரப்பிய 'தி சிங்கப்பூர் கிரிப்' இரப்பர் வணிகக் குடும்பத்தைப் பற்றியது. அதனையும் மலேசியாவில்தான் எடுத்தார்கள். இரப்பர் பற்றிய கதையிலும் பால்மரம் சீவியவர்கள் கதையின் நடுவில் இல்லை. ஆசிய மக்கள் பின்னணிக்குத் தள்ளப்பட்டதைப் பிரிட்டனில் வாழும் ஆசியக் கலைஞர்களே கண்டித்தார்கள்.

ஆனால் நம்மிடம் நாடகத்துக்குரிய கதைக்குப் பஞ்சமா என்ன? 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆர். எச். நாதன் முன்னின்றார். அவர்களுடைய கோரிக்கைகளைப் படித்தால் உடல் சிலிர்க்கும். சீனத் தொழிலாளர்க்கு நிகரான கூலி, கள்ளுக்கடைகளை மூடுதல், துரையைக் கண்டதும் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்கும் கட்டாயத்தை நீக்குதல், பிள்ளைகளுக்கு முறையான கல்வி. ஆம், கூலிப் போராட்டத்தின் நடுவே பள்ளிக்கூடம் கேட்டார்கள். படையை இறக்கினார்கள், துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின, நாதன் நாடு கடத்தப்பட்டார். மிதிவண்டியிலிருந்து இறங்க மறுத்து நிற்கும் ஓர் இளைஞனைத் திரையில் காட்ட, தொலைவிலிருந்து எந்த நிறுவனமும் வரவேண்டியதில்லை. நம் ஆறாம் ஆண்டு மாணவர்கள் பள்ளி மேடையிலேயே பதினைந்து நிமிடத்தில் நடித்துக் காட்டிவிடுவார்கள்.

எனக்கு உண்மையாகவே வருத்தம் தருவது வேறொன்று. பாழடைந்த வெள்ளையர் விடுதிக்குக் கேமரா வந்ததால் புதுக்கூரையும் புதுவண்ணமும் கிடைத்தன. தோட்டத்து லயங்களுக்கு அப்படி யாரும் வரவில்லை. நம் கூலாய் வட்டாரத்திலேயே எண்ணிப் பாருங்கள். தாத்தா பாட்டிமார் பிறந்த லயங்கள் இருந்த இடத்தில் இன்று வீடமைப்புப் பகுதி, தொழிற்சாலை, செம்பனை. நாளை எவரேனும் தோட்ட வாழ்க்கையைப் படமெடுக்க விரும்பினால், ஒரு லயத்தைப் புதிதாகக் கட்டித்தான் எடுக்கவேண்டும். அப்போது அடுப்பு எந்தப் பக்கம் இருந்தது, தண்ணீர்க் குழாய் எத்தனை வீட்டுக்கு ஒன்று என்று யாரிடம் கேட்பது? கேட்கத்தக்கவர்கள் இன்று எண்பது வயதைக் கடந்துகொண்டிருக்கிறார்கள்.

பேராக்கில் பத்து காஜாவுக்கு அருகில் கெல்லி மாளிகை இருக்கிறது. 'அன்னா அண்ட் தி கிங்' படத்தில் அதுவும் இடம்பெற்றது. கட்டியவர் ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் கெல்லி ஸ்மித். 1926-இல் லிஸ்பனில் இறந்துபோனதால் மாளிகை முடியாமல் நின்றுவிட்டது. கட்டும் வேலைக்குத் தமிழகத்திலிருந்து தொழிலாளர்களை வரவழைத்தார். கொள்ளைநோய் பரவி அவர்களுள் பலர் மாண்டபோது, எஞ்சியவர்கள் மாரியம்மனுக்குக் கோவில் கேட்டார்கள், அவர் கட்டிக்கொடுத்தார். நன்றியாகத் தொழிலாளர்கள் கோவிலின் மேல், தெய்வ உருவங்களுக்கிடையே, துரையின் உருவத்தையும் வைத்தார்கள். மாளிகைக்குப் போகும் கூட்டத்தில் பாதிகூட அந்தக் கோவிலுக்குப் போவதில்லை. மாண்டவர்களின் பெயர்களோ அங்கு எங்கும் காணக் கிடைப்பதில்லை.

ஆகவே அடுத்த ஆண்டுக் கல்விச் சுற்றுலாவுக்கு என் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் ஒரு வழித்தடத்தை முன்மொழிந்திருக்கிறேன். முதல் நாள் கெல்லி மாளிகை, ஆனால் கோவிலைப் பார்த்த பிறகே மாளிகை. இரண்டாம் நாள் காலையில் பினாங்குக் கரையில் நின்று ஜெரெஜாக் தீவைப் பார்ப்பது; பிறகு குவீன் தெரு மாரியம்மன் கோவில், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல்; அதனை நிறுவியவர் தமிழ் முஸ்லிம் வணிகர் காதர் மொகிதீன் என்பதைச் சொல்ல வேண்டும். மாலையில் கொடிமலை. அங்கே முருகன் கோவிலும் இருக்கிறது, கிராக் விடுதியும் இருக்கிறது. பிள்ளைகள் ஒவ்வொருவரும் புறப்படுமுன் வீட்டிலுள்ள மூத்தவரிடம், எந்தத் தோட்டம், எந்தக் கப்பல், எத்தனை மணிக்குப் பெரட்டு என்று மூன்று கேள்விகள் கேட்டு எழுதி வரவேண்டும்.

செலவு கூடும் என்று ஒரு தந்தையார் தயங்கினார், நியாயம்தான். பேருந்துக் கட்டணத்தை எப்படிக் குறைப்பது என்று இம்மாதக் கூட்டத்தில் பேசவிருக்கிறோம். வேறு பள்ளிகளும் சேர்ந்தால் இரண்டு பேருந்துகளாகப் போகலாம்.