ஊறுகாய்க்குப் புடவைப் பெட்டி எதுக்குங்க?

எங்க ஆரணியில எந்த வீட்டுப் பரண்லயும் காலி பட்டுப்புடவைப் பெட்டி நாலாவது கிடக்கும். அதனாலேயே சென்னைக்குக் கிளம்புறவங்களுக்கு ஆவக்காய் பாட்டிலையும் அதுலயே படுக்க வெச்சுக் கட்டிக் குடுத்துடறாங்க. எனக்கு இதுல துளிகூட உடன்பாடு இல்லைங்க.

அது புடவையை மடிச்சு வைக்கச் செஞ்ச பெட்டி. அகலம் இருக்கும், உயரம் இருக்காது, பாட்டில் நிக்காது. ஆவக்காயைக் காப்பாத்துறதே மேல நிக்கிற எண்ணெய்தான். படுக்க வெச்சா அது மூடிப்பக்கம் போய்க் கசியும். அதே பையில நிஜமாவே ஒரு பட்டுப்புடவை இருந்தா? நெசவாளி பல நாள் தறியில உக்காந்தது அம்பேல்!

பாட்டிலைப் பார்த்துப் பெட்டி வாங்குங்க. மூடியோட அளங்க. கடையில உள்ளளவைக் கேளுங்க, வெளியளவை இல்லை. 7 செ.மீ. அகலம், 12 செ.மீ. உயரத்துல ரெண்டு பாட்டில்னா 16க்கு 8, உயரம் 13 போதும். நடுவுல அட்டைத் தடுப்பு கட்டாயம். இல்லைன்னா பஸ் ஆற்காடு தாண்டுறதுக்குள்ள ரெண்டும் இடிச்சுக்கும். பெரிய பெட்டியில பேப்பர் திணிக்கிறதெல்லாம் சும்மா பந்தா. குலுக்கல்ல பேப்பர் அமுங்கிடும், பாட்டில் ஆடும்.

'சின்னப் பெட்டி கஞ்சத்தனமா தெரியுமே'ன்னு எங்க அத்தை. தெரியட்டுமே :-)