ஒயில் மாத்தினா மட்டும் காணாது

"ஜப்பான் ஜீப் சாகாது, ஒயில் மாத்தினாக் காணும்." கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரை, பழைய பஜெரோவோ பிராடோவோ விலை பேசப்படும் எந்த முற்றத்திலும் இந்த வசனம் வந்துவிடும். தரகர் சொல்வார், விற்பவர் தலையாட்டுவார், வாங்க வந்தவரின் மச்சானும் அதையே திருப்பிச் சொல்வார். வருஷக்கணக்காக இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு எரிச்சல் மிஞ்சிவிட்டது. முன்பெல்லாம் இது வெறும் பெருமைப் பேச்சு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, சொந்தப் பாவனைக்கான வாகனங்களுக்கு 2025 பெப்ரவரி வரை கதவு மூடிக் கிடந்த காலத்தில், இந்தப் பேச்சே விலையாகிவிட்டது. கட்டார் வெயிலில் உழைத்த காசைக் கொண்டுவந்து, தன் மூத்த பிள்ளையின் வயதுள்ள வண்டியில் கொட்டியவர்கள் நம் ஊர்களில் நிறையப் பேர். அவர்களுக்குச் சொல்லப்பட்ட இந்த வசனத்தில் ஒரு சொல்கூட உண்மையில்லை.

முதலில், "ஜப்பான் ஜீப்" என்று ஒரே இனம் கிடையாது. பஜெரோவின் இரண்டரை லீற்றர் 4டி56 எஞ்சின் வேறு, அதே பஜெரோவின் 2.8 லீற்றர் 4எம்40 வேறு, பிராடோவின் மூன்று லீற்றர் 1கேசெட் வேறு. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நோய். 4எம்40க்கு டைமிங் செயின். 4டி56க்கு பெல்ட், அதுவும் ஒன்றல்ல, இரண்டு. பெரிய பெல்ட்டுக்குப் பின்னால் பெலன்ஸ் ஷாஃப்டை ஓட்டும் சின்ன பெல்ட் ஒன்று ஒளிந்திருக்கிறது. அது அறுந்து பெரிய பெல்ட்டுக்குள் சிக்கினால், ஓடும் வண்டி நடு ரோட்டில் நிற்கும். பெரிய பெல்ட்டை மட்டும் மாற்றிவிட்டு "டைமிங் செஞ்சாச்சு" என்று சொல்லும் கராஜ்கள் இன்றும் இருக்கின்றன. டொயோட்டா டீசல்களில் 100,000 கிலோமீற்றரில் டைமிங் பெல்ட்டுக்கென்று டேஷ்போர்டில் ஒரு விளக்கு எரியும். அந்த விளக்கை அணைக்க பெல்ட்டை மாற்ற வேண்டிய அவசியமே இல்லை. விளக்கு எரியவில்லை என்பதை நல்ல சகுனமாகக் காட்டும் தரகருக்கு இது தெரியாமலிருக்க முடியாது. மீற்றரில் காட்டும் கிலோமீற்றரை நம்பலாமா என்ற கேள்விக்குள் நான் போகவே இல்லை.

அடுத்தது "ஒயில் மாத்தினாக் காணும்." எந்த ஒயில்? எஞ்சினுக்கு ஒன்று, கியர்பொக்ஸுக்கு ஒன்று, ட்ரான்ஸ்ஃபர் கேஸுக்கு ஒன்று, முன் டிஃப், பின் டிஃப் என்று இன்னும் இரண்டு. ஒயில் பெருமை பேசும் ஆட்களில் எத்தனை பேர் டிஃப் போல்ட்டை ஒரு முறையாவது கழற்றியிருக்கிறார்கள்?

ஆனால் இந்த வசனம் எஞ்சின்களைக் கொல்வது ஒயிலால் அல்ல, தண்ணீரால். ஒயிலைப் பிடித்துக்கொண்டவர்கள் தண்ணீரை மறந்துவிட்டார்கள். 4டி56, 1கேசெட் இரண்டுக்கும் பிளொக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். சூட்டில் இரண்டும் ஒரே அளவில் விரிவதில்லை. ஒருமுறை கடுமையாகச் சூடேறினால் ஹெட் வளைகிறது, வால்வுகளுக்கு நடுவில் வெடிக்கிறது. 1கேசெட்டில் முன்னெரி அறையின் ஓரத்திலும் வெடிக்கிறது. உலகம் முழுவதும் இந்த எஞ்சின்களை வைத்திருப்பவர்கள் அறிந்த குறை இது. இங்கே மட்டும் அதற்கு "காக்கா, ஒண்டும் செய்யாது, தண்ணி ஊத்துங்க" என்று மருந்து சொல்கிறார்கள்.

என்ன தண்ணீர்? கடலுக்கும் வயலுக்கும் நடுவே ஒடுங்கிய மணல் நிலத்தில் தோண்டிய கிணற்றுத் தண்ணீர். மருதமுனையிலும் சாய்ந்தமருதுவிலும் காரைதீவிலும் கடற்கரைப் பக்கக் கிணறுகள் 2004 டிசம்பர் 26இல் கடலே புகுந்து உப்பேறியதைக் கண்ட சனம் நாம். குடிப்பதற்கு யோசிக்கும் அந்தத் தண்ணீரை வண்டிக்கு மட்டும் யோசிக்காமல் ஊற்றுகிறோம். அதிலுள்ள உப்பு அலுமினியத்தை அரிக்கிறது, சுண்ணாம்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் படிந்து அடைக்கிறது. கூலண்ட் என்பது பச்சைச் சாயம் கலந்த தண்ணீர் என்று நினைப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: அது கொதிநிலையை உயர்த்துகிறது, உலோகம் அரிபடாமல் காக்கிறது. அந்தக் காவலும் காலத்தோடு தீரும், கூலண்டையும் மாற்றத்தான் வேண்டும்.

இன்னும் மோசமானது தேர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது. "நம்மட ஊரு சூடு, இது குளிர் நாட்டுச் சாமான்" என்று சொல்லி அதைக் கழற்றிக் கையில் தரும் பாஸ்மாரை எல்லாருக்கும் தெரியும். ஏறக்குறைய 80 பாகையில் திறக்கும் அந்தச் சின்ன வால்வு எஞ்சினைச் சரியான சூட்டில் வைத்திருக்கவே இருக்கிறது. அது இல்லாவிட்டால் எஞ்சின் குளிர்ந்தே ஓடி டீசல் குடிக்கும், கரி பிடிக்கும், ரிங் தேயும். இவ்வளவோடும் முடியவில்லை. பல ஜப்பான் டீசல்களில், தேர்மோஸ்டாட் திறக்கும்போது அதன் அடித்தட்டு ஒரு குறுக்கு வழியை மூடுகிறது. மூடினால்தான் தண்ணீர் முழுவதும் ரேடியேட்டருக்குப் போகும். தேர்மோஸ்டாட்டைக் கழற்றினால் அந்தக் குறுக்கு வழி எப்போதும் திறந்திருக்கும். ஒரு பங்கு தண்ணீர் ரேடியேட்டரைத் தொடாமலே எஞ்சினுக்குள் சுற்றிவரும். சூட்டுக்குப் பயந்து கழற்றியவர், பாரம் ஏறும்போது சூட்டைத் தானே வரவழைக்கிறார்.

"ஊரில எத்தனை வருஷமா ஓடுது, ஒண்டும் நடக்கல்லையே" என்பார்கள். நம் ஊரில் ஏற்றமே இல்லை. கல்முனையிலிருந்து பொத்துவில் வரை ரோடு வயல் வரம்பைப் போல மட்டம். அந்த மட்டத்தில் அரைவாசி அடைபட்ட ரேடியேட்டரும் சமாளித்துவிடும். மஹியங்கனை தாண்டி, பதினெட்டு வளைவில், குடும்பத்தை ஏற்றிக்கொண்டு, ஏசியும் போட்டு இரண்டாவது கியரில் ஏறும்போதுதான் உண்மை தெரியும். அங்கேயும் ஊசி முதலில் அசையாது. பிராடோவின் சூட்டு ஊசி பரந்த ஒரு இடைவெளிக்குள் நடுவிலேயே நிற்கும்படி செய்யப்பட்டது. அது மேலே கிளம்புவதைக் கண்டு ஓரம்கட்டும்போது ஹெட்டுக்கு நடக்க வேண்டியது நடந்திருக்கும். பிறகு கண்டி கராஜ் ஒன்றின் வாசலில் உம்மாவும் பிள்ளைகளும் இரவெல்லாம் உட்கார்ந்திருப்பார்கள். ஹெட்டைக் கழற்றி லேத்துக்கு அனுப்பி, அது வெடிப்பென்று தெரிந்த பிறகு, வசனம் சொன்ன தரகர் போனை எடுப்பதில்லை.

மூன்றாவது, "கனத்த சேஸி, துரு என்ன செய்யும்?" பஜெரோவின் 1999க்குப் பிந்திய மூன்றாம் தலைமுறையில் தனிச் சேஸியே கிடையாது, அது உடலோடு ஒன்றாகப் பற்றவைக்கப்பட்டது. அதை விற்கும்போதும் இதே பேச்சுத்தான். சேஸி உள்ள வண்டிகளிலும் அது உள்ளே வெறுமையான பெட்டி இரும்பு. ஜப்பானின் பனிப் பிரதேச ரோடுகளில் கொட்டும் உப்பு அதற்குள் ஏற்கெனவே இருந்திருக்கலாம், மீதியை நம் வாடைக்காற்று சேர்க்கிறது. விற்பதற்கு முந்தின கிழமை அடியில் கறுப்புப் பூச்சு அடித்துக் கொண்டுவருவார்கள். அந்தப் பூச்சுக்கு மயங்காமல் பின் அச்சுக்கு மேலேயும் பிரேக் குழாய்களிலும் ஒரு ஸ்க்ரூட்ரைவரால் குத்திப் பாருங்கள்.

நான்காவது, "வெள்ளத்துல ஜீப் போகும்." 2024 நவம்பரில் மாவடிப்பள்ளியில் மத்ரஸா மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரத்தை வெள்ளம் இழுத்துப் போனது. ஜீப்பைவிட உயரமான வண்டி அது. இதற்குப் பிறகும் இந்தப் பேச்சைப் பேச எப்படி மனம் வருகிறது? இழுவை இல்லாத தேங்கு தண்ணீரிலும் காற்றுக் குழாய் வழியாகத் தண்ணீர் எஞ்சினுக்குள் போனால் கொன்ரொட் வளையும். சூடான டிஃப் சட்டென்று குளிரும்போது சீலாலும் மூச்சுக்குழாயாலும் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். சில நாள் கழித்து டிஃப் ஒயில் பால் நிறத்தில் வடியும். மாரி முடிந்து தையில் பெயரிங் கத்தினால் காரணத்தை அங்கே தேடுங்கள்.

"பாட்ஸ் எங்கயும் கிடைக்கும்" என்பதற்கு ஒரு பதில் போதும்: பஞ்சிகாவத்தையில் கிடைப்பது எல்லாம் ஒரிஜினல் அல்ல.

ஆகவே விலை பேசப் போகிறவர்கள் சுபஹுக்குப் பிறகு, எஞ்சின் ஆறிக் கிடக்கும் நேரத்தில் போங்கள். ஸ்டார்ட் பண்ணுமுன் ரேடியேட்டர் தொப்பியை நீங்களே திறந்து, உள்ளே கூலண்டா துருத் தண்ணீரா என்று பாருங்கள். தொப்பி திறந்தபடியே ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள். குமிழி நிற்காமல் வந்துகொண்டிருந்தால் ஹெட்டில் வெடிப்போ ஹெட் கெஸ்கட்டில் ஓட்டையோ இருக்கிறது, திரும்பி வந்துவிடுங்கள். "காலையில வேணாம் தம்பி, அசருக்குப் பொறகு வாங்க, நான் சூடாக்கி வைக்கிறன்" என்று விற்பவர் சொன்னால், போகவே வேண்டாம்.