தீயிலிருந்து எழுந்து வந்தவர்

பெர்மாஸ் ஜெயாவில் வசிப்பவர்களுக்குச் சனிக்கிழமை இரவின் ஓசை பழகிப்போன ஒன்று. பதினொரு மணிக்கு மேல் நெடுஞ்சாலைப் பக்கமிருந்து மோட்டார் சைக்கிள்களின் உறுமல் கிளம்பும். கூட்டமாக வரும், தேயும், மீண்டும் வரும். சில இரவுகளில் அதன் பின்னாலேயே ஆம்புலன்ஸ் வண்டியின் அலறலும் கேட்கும். வீட்டில் இளையோர் உள்ள பெற்றோர் அப்போது எழுந்து, பிள்ளை படுக்கையில் இருக்கிறானா என்று பார்த்துவிட்டுத்தான் மீண்டும் படுப்பார்கள்.

வேகத்தின் மீதான ஆசை எங்கள் வட்டாரத்திற்குப் புதிதன்று. அண்டை நகரான பாசிர் கூடாங்கில் 1986ஆம் ஆண்டு ஒரு பந்தயத் தடம் திறக்கப்பட்டது. 1998இல் உலகக் கிண்ண மோட்டார் சைக்கிள் பந்தயத்தின் மலேசியச் சுற்று அங்குதான் நடைபெற்றது. நானும் பந்தயங்களை விரும்பிப் பார்ப்பவன். ஆகவே, வேகமே கூடாது என்று அறிவுரை சொல்ல நான் வரவில்லை. பந்தயத் தடத்திலிருந்து நம் இளையோர் வேகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அத்தடம் உண்மையில் சாதித்ததை அங்கேயே விட்டுவிட்டார்கள் என்பதே என் வருத்தம்.

அந்தச் சாதனை எது என்பதை 2020 நவம்பர் 29ஆம் நாள் உலகமே கண்டது. பஹ்ரேன் நாட்டில் ஃபார்முலா ஒன் பந்தயம் தொடங்கி முதல் சுற்று கூட முடியவில்லை. பிரான்சு நாட்டு ஓட்டுநர் ரொமேன் குரோஷானின் மகிழுந்து மற்றொரு மகிழுந்தின் மீது உரசித் திசைமாறியது. மணிக்கு 192 கிலோமீட்டர் வேகத்தில் இரும்புத் தடுப்பில் மோதி, இரண்டாகப் பிளந்து, தீப்பந்தாக எரிந்தது. மோதிய கணத்தில் அவர் உடல் தாங்கிய விசை புவியீர்ப்பு விசையைப் போல் 67 மடங்கு. எளிதாகச் சொன்னால், 70 கிலோ எடையுள்ள ஒருவர் அந்த நொடியில் 4,700 கிலோ எடையுள்ளவர் போல் ஆகிவிடுகிறார். தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்த நான், முடிந்துவிட்டது என்றே நினைத்தேன். ஆனால், அரை நிமிடத்திற்குள் அத்தீயின் நடுவிலிருந்து ஓர் உருவம் எழுந்தது. ஒரு காலில் காலணி இல்லை. கைகள் வெந்திருந்தன. ஆயினும், அவர் தம் முயற்சியாலேயே வெளியே ஏறி வந்தார்.

பலரும் அதனை அற்புதம் என்றார்கள். எனக்கு அந்தச் சொல்லில் உடன்பாடில்லை. அற்புதம் என்று சொல்லிவிட்டால் காரணம் தேட வேண்டியதில்லை. குரோஷான் பிழைத்ததற்குக் காரணங்கள் இருந்தன. அவை ஒவ்வொன்றும் யாரோ ஒருவரின் இறப்பிற்குப் பிறகு, யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்துச் செய்தவை.

மகிழுந்து பிளந்ததையே எடுத்துக்கொள்வோம். வண்டி நொறுங்கினால் அது பலவீனமான வண்டி என்று நாம் எண்ணுகிறோம். பந்தய மகிழுந்தில் முறை வேறு. ஓட்டுநர் அமரும் கூடு கரிம இழையால் ஆனது. அது உடையக் கூடாது. அதனைச் சுற்றியுள்ள மூக்கு, பக்கவாட்டுப் பகுதி முதலியவை மோதலின் ஆற்றலை வாங்கிக்கொண்டு நொறுங்க வேண்டும். அவை எவ்வளவு நொறுங்குகின்றனவோ அவ்வளவு குறைவாகவே உள்ளிருப்பவர் உடலுக்கு அடி போய்ச் சேரும். 1981இல் மெக்லாரன் குழு இத்தகைய கரிம இழைக் கூட்டை முதன்முதலில் பந்தயத்திற்குக் கொண்டுவந்தபோது, மோதினால் அது தூள்தூளாகிவிடும் எனப் பலர் ஐயுற்றனர். அதே ஆண்டு இத்தாலியின் மொன்சா தடத்தில் அக்குழுவின் ஜான் வாட்சன் கடுமையாக மோதினார். பின்பகுதி பிய்ந்து போனது. அவர் நடந்து வெளியே வந்தார். அதன்பின் ஐயம் குறைந்தது.

கழுத்தின் கதை இன்னும் நுட்பமானது. வண்டி சட்டென நிற்கும்போது வார்கள் உடலைப் பிடித்துக்கொள்கின்றன. தலையைப் பிடிக்க எதுவுமில்லை. தலைக்கவசத்தின் எடையும் சேர, தலை முன்னே பாய்கிறது; மண்டையோட்டின் அடிப்பகுதி முறிகிறது. 1994 ஏப்ரல் 30ஆம் நாள் இமோலா தடத்தில் ரோலண்ட் ராட்சன்பெர்கர் இத்தகைய காயத்தால் இறந்தார். மறுநாள் அதே தடத்தில் மூன்று முறை உலக வெற்றியாளரான அயர்டன் சென்னாவும் தலைக்காயத்தால் இறந்தார். 2001இல் அமெரிக்காவின் புகழ்பெற்ற ஓட்டுநர் டேல் எர்ன்ஹார்டின் உயிரையும் மண்டையோட்டு அடிமுறிவே பறித்தது. இத்தனைக்கும் தீர்வு 1980களிலேயே கண்டுபிடிக்கப்பட்டிருந்தது! ராபர்ட் ஹப்பர்ட் என்ற பேராசிரியர், பந்தய ஓட்டுநரான தம் மைத்துனருடன் சேர்ந்து, தோள்மீது அமரும் கழுத்துப்பட்டை ஒன்றை வடிவமைத்தார். 'ஹான்ஸ்' எனப்படும் அக்கருவி இரு வார்களால் தலைக்கவசத்துடன் பிணைக்கப்பட்டு, தலை முன்னே பாயாமல் தடுக்கும். உறுத்துகிறது, தலையைத் திருப்ப முடியவில்லை என்று ஓட்டுநர்கள் அதனை ஒதுக்கினர். ஃபார்முலா ஒன்னில் அது 2003இல்தான் கட்டாயமானது.

கருவி கையில் இருந்தும் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வீணாயின. இக்கதையில் என்னை மிகவும் உறுத்துவது இதுதான்.

கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன், இந்தியாவிலிருந்து ஃபார்முலா ஒன்னுக்குச் சென்ற முதல் ஓட்டுநர். 2005இல் ஷங்ஹாய் பந்தயத்தில் அவருடைய மகிழுந்து தடுப்பில் பலமாக மோதியது. அவர் காயமின்றித் தப்பினார். ஹான்ஸ் கட்டாயமாகி இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் ஓட்ட வந்த காலம் வேறாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவ்வப்போது எண்ணிப் பார்ப்பதுண்டு.

பாதுகாப்பைக் கேட்பவனைக் கோழை என்று ஏளனம் செய்வது பந்தய உலகிலும் இருந்தது. 1966இல் பெல்ஜியத்தின் ஸ்பா தடத்தில் ஜாக்கி ஸ்டூவர்ட் மழையில் சறுக்கி விபத்துக்குள்ளானார். எரிபொருள் உடலெங்கும் நனைக்க, நசுங்கிய வண்டிக்குள் ஏறத்தாழ 25 நிமிடங்கள் சிக்கிக் கிடந்தார். சக ஓட்டுநர்கள் இருவர், பார்வையாளர் ஒருவரிடம் திருகுச்சாவி கடன் வாங்கித்தான் அவரை விடுவித்தனர். அதன்பின் அவர் ஒவ்வொரு பந்தயத்திற்கும் தம் வண்டியில் ஒரு திருகுச்சாவியை ஒட்டி வைத்துக்கொண்டார். தடுப்புகள் வேண்டும், மருத்துவர் வேண்டும், தடத்தை ஒட்டியுள்ள மரங்களை அகற்ற வேண்டும் என்று போராடினார். வீரம் குறைந்தவர் எனப் பழித்தார்கள். பழித்தவர்களில் எவரையும்விட அவர் அதிக வேகமாக ஓட்டினார். மூன்று முறை உலக வெற்றியாளர் ஆனார்.

குரோஷானிடமும் இதே மனப்பான்மை ஒரு காலத்தில் இருந்தது. 2018இல் ஓட்டுநரின் தலைக்கு மேலே 'ஹேலோ' என்ற வளைவுக் கம்பி கட்டாயமாக்கப்பட்டது. டைட்டேனியத்தால் ஆன அது ஏழு கிலோ எடை கொண்டது. 12 டன் அளவிலான சுமையைத் தாங்கக்கூடியது. பந்தய மகிழுந்தின் அழகையே கெடுக்கிறது என்று எதிர்த்தவர்களுள் குரோஷானும் ஒருவர். பஹ்ரேனில் இரும்புத் தடுப்பின் பலகைகளைப் பிளந்துகொண்டு அவருடைய வண்டி உள்ளே நுழைந்தபோது, அவர் தலைக்கும் அந்த இரும்புக்கும் இடையே நின்றது அதே கம்பிதான். மருத்துவமனைப் படுக்கையிலிருந்தே அவர் தம் கருத்தை வெளிப்படையாக மாற்றிக்கொண்டார். தவறை ஒப்புக்கொள்ளவும் ஒரு துணிவு வேண்டும்.

பாதுகாப்பு மிகுந்தால் ஓட்டுநர்கள் பொறுப்பற்றுப் போவார்கள் என்று சிலர் வாதிடுகின்றனர். அதில் சிறிதளவு உண்மை இருக்கலாம். ஆயினும், 1994க்குப் பின் இருபது ஆண்டுகள், ஃபார்முலா ஒன் பந்தயத்தில் எந்த ஓட்டுநரும் உயிர்க்காயம் அடையவில்லை என்ற உண்மைக்கு முன் அவ்வாதம் நிற்காது. 2014இல் ஜப்பானில் ஜூல்ஸ் பியாங்கி, தடத்தோரம் நின்ற மீட்பு வாகனத்தில் மோதிப் பின்னர் இறந்தார். மறு ஆண்டே, ஆபத்து ஏற்பட்டால் எல்லா வண்டிகளும் ஒரே நேரத்தில் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. விதி என்று எண்ணி விட்டுவிடாமல், அங்கே என்ன இருந்திருக்க வேண்டும் என்று கேட்டார்கள்.

இங்கே ஒன்றை மறைக்கக் கூடாது. மகிழுந்தைக் காக்கும் கூடு மோட்டார் சைக்கிளுக்குக் கிடையாது. 2011 அக்டோபர் 23ஆம் நாள் நம் நாட்டின் சிப்பாங் தடத்திலேயே மார்கோ சிமோன்செல்லி என்ற இத்தாலிய வீரர் விழுந்து, பின்னால் வந்தவர்களால் மோதப்பட்டு இறந்தார். உலகின் சிறந்த மருத்துவ உதவி சில அடி தூரத்தில் இருந்தும் காப்பாற்ற முடியவில்லை. உலகக் கிண்ண மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் 2018 முதல் காற்றுப்பை பொருத்திய உடை கட்டாயம். நம் நெடுஞ்சாலையில் இரவு பந்தயம் விடுபவர்களுக்கு உடையும் இல்லை, மருத்துவரும் இல்லை. எதிரே வரும் கனவுந்துதான் உண்டு.

2019இல் மட்டும் மலேசியச் சாலைகளில் 6,167 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். தலைக்கவசச் சட்டம் இங்கு 1973இலேயே வந்துவிட்டது. சட்டம் இல்லாத குறை நமக்கில்லை.

சென்ற மாதம் எங்கள் வரிசை வீட்டுப் பையன் ஒருவன் புறப்படுவதைப் பார்த்தேன். பதினாறு வயது நிறைந்து, புதிதாக உரிமம் எடுத்தவன். தலைக்கவசம் தலையில் இருந்தது. தாடை வார் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

"ஏன் தம்பி, வாரை மாட்டலையா?"

"பக்கத்துக் கடைக்குத்தானே, அங்கிள். மாட்டினா தாடை அரிக்குது."

ஹான்ஸ் உறுத்துகிறது என்று அந்தக் காலத்து ஓட்டுநர்கள் சொன்னது நினைவுக்கு வந்தது. வார் மாட்டாத கவசம் முதல் அடியிலேயே தனியே பறந்துவிடும். அவனிடம் கவசத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தேன். சிரிம் முத்திரை இருந்தது. உள்ளே இருந்த நுரைத்தட்டில் ஒரு பக்கம் பள்ளமும் வெடிப்பும் தெரிந்தன. அண்ணன் ஒருமுறை விழுந்தபோது அணிந்திருந்தது, வீணாக்க வேண்டாமே என்று வைத்திருக்கிறார்களாம். பந்தய மகிழுந்தின் மூக்கைப் போலத்தான் அந்த நுரையும். ஒருமுறை நசுங்கினால் அதன் வேலை முடிந்தது. அவன் அண்ணனைக் காப்பாற்றிய கவசம் அவனைக் காப்பாற்றாது.

இதையெல்லாம் அவனுக்கு விளக்கினேன். எரிச்சலோடுதான் கேட்டான். குரோஷானின் காணொளியைக் கைப்பேசியில் காட்டியபோது மட்டும் கண்ணை எடுக்காமல் பார்த்தான். பிறகு, "இப்போ அவரு என்ன பண்றாரு, அங்கிள்?" என்றான்.

அடுத்த ஆண்டே அமெரிக்காவிற்குப் போய் மீண்டும் பந்தயத்தில் ஓட்டினார் என்று சொன்னேன். அவன் வாரை மாட்டிக்கொண்டு கடைக்குப் போனான். அந்தக் கவசத்தை என்ன செய்தார்கள் என்று அவன் அப்பாவிடம் இன்னும் கேட்கவில்லை. இந்த வாரம் கேட்க வேண்டும்.