வெதர்பி துப்பாக்கியும் ஐந்நூறு மீட்டர் தைரியமும்



இது நீளமான பதிவு. பொறுமை இல்லாதவர்கள் கடைசிப் பத்தியை மட்டும் படித்துவிட்டு லைக் போடலாம். என் வகுப்பிலும் உங்களில் பாதிப் பேர் அப்படித்தான் பாஸ் செய்தீர்கள்.

அமெரிக்காவில் இருக்கும் நம் பழைய மாணவர் ஒருவர் போன வாரம் தன் புதுத் துப்பாக்கியின் படத்தைப் போட்டிருந்தார். வெதர்பி மார்க் ஃபைவ், .300 வெதர்பி மேக்னம். அந்த ஊர்ச் சட்டப்படி உரிமம் எடுத்து, பருவம் பார்த்து எல்க் வேட்டைக்குப் போகிறவர். படத்துக்குக் கீழே, "இனிமே 500 மீட்டர்லேருந்தே அடிக்கலாம் சார், கிட்ட போற வேலையே இல்ல" என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே அவருடைய வகுப்புத் தோழன், "காசு இருக்கறவன் பொம்மைடா இது" என்று போட்டிருந்தான். பிறகு அடிதடி. இருவரும் என் மாணவர்கள். இருவருக்கும் இந்தக் கணக்கில் நான் மதிப்பெண் போட மாட்டேன்.

"வேட்டையே பாவம், அதில் எந்தத் துப்பாக்கியாக இருந்தால் என்ன?" என்று அக்கா கேட்பார். நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, நல்லது. அங்கே வேட்டை சட்டப்படி நடக்கிறது. நடக்கிறவரை அந்த மிருகம் எப்படிச் சாகிறது என்ற கேள்வியும் இருக்கத்தான் செய்யும். அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

முதலில் அந்தக் கம்பெனியின் கதை. ராய் வெதர்பி கான்சாஸில் பிறந்தவர், கலிபோர்னியாவில் இன்சூரன்ஸ் வேலை பார்த்தவர். 1942இல் யூட்டாவில் ஒரு மானைச் சுட்டார். அடிபட்ட மான் ஓடிவிட்டது, அவர் கைக்குக் கிடைக்கவில்லை. அது அவர் மனத்தை அறுத்தது. குண்டு இன்னும் வேகமாகப் போயிருந்தால் மான் நின்ற இடத்திலேயே விழுந்திருக்கும் என்று முடிவு செய்தார். பெரிய தோட்டாக் கூடுகளில் அதிக வெடிமருந்தை அடைத்துத் தனக்கென்று ஒரு தோட்டாக் குடும்பத்தையே உருவாக்கினார். 1945இல் கடை திறந்தார். வேகமே கொல்லும் என்பதுதான் சாகும்வரை அவருடைய கொள்கை.

ஒரு மான் காயத்தோடு ஓடியதை மறக்க முடியாதவர் என்பதற்காகவே அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அந்த மானிடமிருந்து அவர் கற்ற பாடம் பாதிப் பாடம் என்பதுதான் என் கட்சி.

வெதர்பியைக் கொண்டாடுகிறவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது, மறைக்க மாட்டேன். 1958இல் வந்த மார்க் ஃபைவ் நல்ல பொறியியல். வழக்கமான துப்பாக்கியின் போல்ட்டைப் பெரிய முனைகள் இரண்டுதான் பூட்டிப் பிடிக்கும். இதில் ஒன்பது. அதனால் போல்ட்டை 90 டிகிரி தூக்க வேண்டியதில்லை, 54 டிகிரி போதும். வேகமும் பொய்யில்லை. 1906 முதல் இருந்துவரும் .30-06 தோட்டா, 180 கிரெய்ன் குண்டை, அதாவது சுமார் 11.7 கிராமை, விநாடிக்கு ஏறக்குறைய 820 மீட்டர் வேகத்தில் அனுப்புகிறது. அதே குண்டை .300 வெதர்பி ஏறக்குறைய 990 மீட்டர் வேகத்தில் அனுப்புகிறது. கையில் பென்சில் எடுங்கள். வேகம் 20 சதவீதம் அதிகம். இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. ஆகவே ஆற்றல் சுமார் 45 சதவீதம் அதிகம்.

கொண்டாடுகிறவர்கள் கணக்கை இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். அடுத்த வரியை நான் போடுகிறேன்.

உந்த அழிவின்மை விதி நினைவிருக்கிறதா? முன்னால் போகும் குண்டும் வெடிவாயுவும் பெறும் உந்தத்தைத் துப்பாக்கி பின்னால் வாங்குகிறது. அதைத் தாங்குவது உங்கள் தோள். இரண்டு துப்பாக்கியும் ஒரே எடை என்றால், .300 வெதர்பியின் உதை ஆற்றல் .30-06ஐப்போல் ஒன்றரை மடங்குக்கும் மேல். கன்னம் படுகிற இடத்தில் உயர்ந்து முன்னால் சரிகிற வெதர்பிக் கட்டை, உதைக்கும்போது முகத்தைவிட்டு விலகும்படி செய்யப்பட்டது. அது முகத்துக்குத்தான் உதவி. தோளுக்கு வர வேண்டியது வந்தே தீரும்.

உதை வலித்தால் என்ன, ஆம்பளை தாங்குவான் என்று யாராவது எழுதுவீர்கள். வலி பெரிய விஷயமில்லை. வலிக்கப்போகிறது என்று உடம்பு தெரிந்துகொள்வதுதான் விஷயம். பள்ளியில் என்.சி.சி. பொறுப்பைப் பல வருடம் பார்த்தவன் நான். காம்ப்டி பயிற்சியில் .303 சுட்டுத் தோள் கன்றிப் போனவன். அந்த .303ஐவிட இரண்டு மடங்குக்கும் மேல் உதைப்பது இந்த வெதர்பி. அன்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர் ஒரு வேலை செய்தார். எங்களுக்குத் தெரியாமல் நடுவில் ஒரு வெற்றுத் தோட்டாவைப் போட்டுக் கொடுத்தார். விசையை அழுத்தினால் வெடிக்கவில்லை. ஆனால் குழல் முனை ஒரு சாண் கீழே குத்தியது, கண் மூடியிருந்தது, தோள் முன்னால் பாய்ந்திருந்தது. அதுவரை குறி தவறியதற்குத் துப்பாக்கியைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். அன்றோடு நிறுத்தினேன்.

வெதர்பி வாங்குகிறவர்களில் எத்தனை பேர் இந்தச் சோதனையைத் தங்களுக்கே செய்து பார்க்கிறார்கள்? தோட்டாவின் விலையையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். 20 தோட்டா அடங்கிய .300 வெதர்பிப் பெட்டி, சாதாரண .30-06 பெட்டியைப்போல் இரண்டு மடங்காவது ஆகும். சுட்டால் தோள் வலிக்கிறது, பர்ஸும் வலிக்கிறது. மனிதன் என்ன செய்வான்? பயிற்சியைக் குறைப்பான். அதிகப் பயிற்சி தேவைப்படுகிற துப்பாக்கி, குறைவாகப் பயிற்சி செய்கிறவன் கையில் போய்ச் சேருகிறது. இந்தக் கணக்கின் மீதியைக் கொடுப்பவன் கடைக்காரனும் இல்லை, வாங்கியவனும் இல்லை. அந்த எல்க் கொடுக்கிறது.

இனி அந்த 500 மீட்டருக்கு வருவோம். 200 மீட்டரில் குறி சரிசெய்த .300 வெதர்பியின் குண்டு 500 மீட்டரில் ஏறக்குறைய ஒரு மீட்டர் தாழ்ந்திருக்கும். "தூரமானி இருக்கு சார், அளந்து திருத்திக்கலாம்." சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே தூரமானி .30-06 வைத்திருப்பவனிடமும் இருக்கிறதே! குண்டு தாழாமல் நேராகப் போகிறது என்பதுதானே வெதர்பியின் முக்கியப் பெருமை? லேசர் வந்ததும் அந்தப் பெருமையில் பாதி கரைந்துவிட்டது.

காற்றை எந்தத் தூரமானி அளக்கும்? மணிக்கு 16 கிலோமீட்டர் பக்கக் காற்று அந்தத் தூரத்தில் குண்டைச் சுமார் அரை மீட்டர் தள்ளும். எல்க்கின் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதியே அரை மீட்டர் அகலம் இராது. நீ நிற்கும் மேட்டில் ஒரு காற்று, நடுப் பள்ளத்தில் ஒரு காற்று, எல்க் நிற்கும் சரிவில் வேறொரு காற்று. இன்னொன்று, குண்டு அங்கே போய்ச் சேர அரை விநாடிக்கும் மேல் ஆகும். மேய்கிற மிருகம் ஓர் அடி எடுத்து வைக்க அது போதும். நுரையீரலுக்கு வைத்த குறி வயிற்றில் போய் விழும். வயிற்றில் அடிபட்ட மிருகம் மணிக்கணக்கில் சாகும். ராய் வெதர்பியின் மனத்தை அறுத்தது எது? காயத்தோடு போன மான். அவர் பெயர் பொறித்த துப்பாக்கியை வைத்துக்கொண்டு இன்னொரு மிருகத்தை அப்படி அனுப்புவதா அவருக்குச் செய்யும் மரியாதை?

வேகம் மட்டும் கொல்லும் என்பதற்கு எதிரான பாடம் அந்தக் காலத்திலேயே கிடைத்தது. 1946இல் ஜான் நாஸ்லர் என்பவர் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒரு மூஸைச் சுட்டார். கையில் .300 எச் அண்ட் எச் மேக்னம், அந்நாளில் வேகத்துக்குப் பெயர் பெற்ற தோட்டா. வெதர்பியின் .300 பிறந்ததும் அந்தக் கூட்டிலிருந்துதான். குண்டு உள்ளே இறங்கவேண்டிய ஆழத்துக்கு இறங்கவில்லை. வேகம் கூடியதும் அன்றைய மெல்லிய குண்டுகள் மேலேயே சிதறின. நாஸ்லர் வீட்டுக்கு வந்து, நடுவில் தடுப்புச் சுவர் வைத்து, முன்பாதி விரிந்தாலும் பின்பாதி உருக்குலையாமல் உள்ளே இறங்கும் குண்டைச் செய்தார். இன்றைக்கு வெதர்பிக்காரர்கள் நம்பிக்கையோடு சுடுகிறார்கள் என்றால், அதில் பாதிப் புகழ் இப்படிக் குண்டைத் திருத்தியவர்களைச் சேரும்.

"மஸில் பிரேக் போட்டுக்கறேன் சார், உதை குறையும்" என்பாய். குறையும். ஆனால் குழல் முனையில் வெளியேறும் வாயுவைப் பக்கவாட்டில் திருப்பித்தான் உதையைக் குறைக்கிறார்கள். அந்தச் சத்தம் உன் காதையும் பக்கத்தில் நிற்கும் வழிகாட்டியின் காதையும் பதம் பார்க்கும். தேவைக்கு மேல் மருந்தை அடைத்துவிட்டு, அதை அடக்க ஒரு கருவியை மாட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இப்போது "காசு இருக்கறவன் பொம்மை" என்ற தம்பிக்கு. நீ தப்பித்தோம் என்று நினைக்காதே. பளபளக்கும் வால்நட் கட்டை, முனையில் ரோஸ்வுட், ஜான் வெய்ன் போன்ற நடிகர்கள் பிடித்த துப்பாக்கி என்றெல்லாம் சொல்லி அங்கேயும் பலர் முகம் சுளிப்பார்கள். அது ரசனைச் சண்டை, நியாயச் சண்டை இல்லை. விலை உயர்ந்தது என்பதாலேயே ஒரு கருவி கெட்டதாகிவிடாது. ஜிம் கார்பெட்டை உனக்குத் தெரியும். சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைக் கொன்றதற்காக 1907இல் அவருக்குப் பரிசாக வந்தது ஒரு ரிக்பி. லண்டனின் பெயர்பெற்ற கம்பெனி, சாமானியன் வாங்குகிற பொருள் இல்லை. ஆனால் அதன் தோட்டா .275, உதை குறைந்தது. 1926இல் ருத்ரப்ரயாக் சிறுத்தையை அதைக் கொண்டுதான் சுட்டார். இருட்டில், ஒரு மாமரத்தின் மேல் இரவுகள் பலவாகக் காத்திருந்து, மிக அருகிலிருந்து. துப்பாக்கி விலை உயர்ந்ததுதான். கிட்டப் போகிற வேலையை அது அவருக்கு மிச்சப்படுத்தவில்லை, அவரும் அதனிடம் கேட்கவில்லை.

ஆகவே என் வழக்கு வெதர்பி என்ற பெயரின்மேல் இல்லை. அதே கம்பெனி .30-06க்கும் 6.5 கிரீட்மூருக்கும் துப்பாக்கி செய்து விற்றிருக்கிறது. என் வழக்கு, தைரியத்தைக் கடையில் வாங்கிவிடலாம் என்ற நினைப்பின்மேல். நல்ல பேனா வாங்கியவன் படிக்காமல் பரீட்சைக்கு வந்தால் என்ன செய்வேன் என்று உங்களுக்குத் தெரியும். அங்கே தோற்றால் அடுத்த வருடம் எழுதலாம். இங்கே தோற்றால் ஓர் உயிர் புதருக்குள் கிடந்து சாகும்.

தம்பி, துப்பாக்கியைத் திருப்பிக் கொடு என்று நான் சொல்லவில்லை. பருவம் தொடங்குவதற்குள் மூன்று வேலை செய். ஒரு நண்பனிடம் சொல்லி, உனக்குத் தெரியாமல் நடுவில் வெற்றுத் தோட்டா போடச் சொல்லிச் சுட்டுப் பார், கண் மூடுகிறதா என்று. மேஜையை விட்டு எழுந்து, காட்டில் எப்படிச் சுடுவாயோ அப்படி உட்கார்ந்தும் மண்டியிட்டும் சுட்டு, பத்துக்குப் பத்தும் ஒரு சாப்பாட்டுத் தட்டுக்குள் விழும் தூரம் எது என்று கண்டுபிடி. அந்தத் தூரம்தான் உன் எல்லை, அது 150 மீட்டராக இருந்தாலும் சரி. எல்க் அதற்கு அப்பால் நின்றால் நடந்து கிட்டப் போ. போக முடியாவிட்டால் பார்த்துவிட்டுத் திரும்பி வா. அந்தத் தட்டின் படத்தைப் போடு, முதல் லைக் என்னுடையது.

அன்புடன்,
உங்கள் பழைய இயற்பியல் ஆசிரியர்