யாரை 'செஃப்'னு கூப்பிடுறோம்?

'தி பேர்' சீரிஸ் எப்படின்னு ஹாஸ்டல்ல கேட்டா ரெண்டு பதில்தான் வரும். ஒண்ணு, "செம சீரிஸ் மச்சி". இன்னொண்ணு, "ஒரே கத்தல்டா, ரெண்டு எபிசோடுக்கு மேல முடியல". ரெண்டாவது ஆளை முதல் ஆளு, "உனக்கு டேஸ்ட் இல்ல"ன்னு ஓட்டுவான். என் கருத்து என்னன்னா, கத்தலை ரசிச்சவங்களும் சரி, வெறுத்தவங்களும் சரி, அந்தக் கத்தலைத் தாண்டிப் போகல.

பார்க்காதவங்களுக்காக: 2022-ல் வெளிவந்த அமெரிக்கத் தொடர் இது. பெரிய ஓட்டல்களில் வேலை பார்த்த கார்மி, அண்ணன் இறந்த பிறகு அவர் விட்டுப்போன சாண்ட்விச் கடையை நடத்த சிகாகோவுக்குத் திரும்புகிறான். கடையில் கடன், குப்பை, சண்டை எல்லாம் இருக்கு.

முதல் சீசனின் 7-வது எபிசோடைத்தான் எல்லாரும் பேசுவாங்க. சுமார் 20 நிமிஷம், பெரும்பகுதி ஒரே ஷாட். ஆன்லைன் முன்பதிவை மூடாம விட்டதால, கடை திறக்கிறதுக்கு முன்னாடியே ஆர்டர் சீட்டு நிக்காம வந்து விழுது. கார்மி கத்த ஆரம்பிக்கிறான். "திறமைசாலின்னா கோபம் வரத்தான் செய்யும்"னு நம்ம பசங்க இதுக்குச் சப்பைக்கட்டு கட்டுறாங்க. ஆனா கதையில என்ன நடக்குது? கத்துனதால ஒரு ஆர்டர்கூட சீக்கிரம் போகல. நல்லா வேலை தெரிஞ்ச சிட்னியும் மார்கஸும் கடையை விட்டே வெளியேறுறாங்க. இன்ஜினியரிங் படிக்கிற நமக்கு இது புரியணும். உள்ளே வர்ற லோடுக்கு வரம்பு வைக்காத சிஸ்டம் அது. பழுது சிஸ்டத்துல, திட்டு மனுஷனுக்கு.

இன்னொரு விஷயம் பலர் கண்ணுல படல. கார்மி அந்தச் சமையலறையில எல்லாரையும் 'செஃப்'னுதான் கூப்பிடுறான். பல வருஷமா அங்கேயே வேலை செய்யும் டினா முதலில் அதைக் கிண்டல் பண்ணுறாங்க. போகப்போக அந்த மரியாதையை அவங்களும் ஏத்துக்கிறாங்க. அந்த வேடத்தில் நடித்த லிசா கோலோன்-சயாஸுக்கு 2024-ல் எம்மி விருதும் கிடைச்சது.

இப்ப நம்ம பக்கம் வாங்க. திருச்சி–சென்னை ரோட்டுல எந்த ஓட்டலுக்குள்ள போனாலும் கல்லு முன்னாடி நிக்கிறவர் 'மாஸ்டர்'. இலை எடுக்கிறவரு 'தம்பி', வயசு அறுபது ஆனாலும். சின்ன வெங்காயத்துக்குப் பேர்போன மாவட்டம் நம்மளது. சாம்பார்ல அது கிடந்தா சந்தோஷப்படுறோம். உட்கார்ந்து உரிச்ச அம்மாவுக்கு ஒரு பட்டமும் கிடையாது.

வீட்டுல இன்னும் மோசம். விஜய் டிவியில 2020 முதல் 2025 வரை ஓடின 'பாக்கியலட்சுமி'யை நாம மீம் போட்டே கொன்னோம். இழுவைதான், நான் மறுக்கல. ஆனா வீட்டுக்குள்ள யாரும் மதிக்காத அதே சமையலை வச்சு ஒருத்தி மசாலா வித்து, கேட்டரிங் எடுத்து, ஓட்டல் வரைக்கும் போறா. பூலாம்பாடியில என் அம்மாவும் பக்கத்து வீட்டு அத்தையும் அந்தக் கட்டங்களை எவ்வளவு கவனமா பார்த்தாங்கன்னு எனக்குத் தெரியும். கோபி–ராதிகா சண்டையைவிட, பாக்யா கையில காசு எண்ணுறதுதான் அவங்களுக்கு முக்கியமா இருந்துச்சு. சிகாகோ சமையலறையைப் பார்த்து நாம பிரமிக்கிறோம், அவங்க தங்களோட சமையலறைக்கு ஒரு மதிப்பு கிடைக்குமான்னு பார்க்கிறாங்க. யாரு ரசனை மட்டம்?

நம்ம மெஸ்ஸுக்கும் இது பொருந்தும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எத்தனை பேர் ஊருக்குப் போறோம்னு யாரும் சொல்றதில்ல. சோறு மிஞ்சினா "வேஸ்ட் பண்றாங்க", பத்தலைன்னா "டேய் அண்ணே, என்னதான் பண்றீங்க?" அந்த 7-வது எபிசோடேதான் இதுவும். மெஸ் கமிட்டிக் கூட்டத்துல வார்டன் இருப்பார், மாணவர் பிரதிநிதி இருப்பார். சமைக்கிறவருக்கு மட்டும் நாற்காலி கிடையாது.

எனக்கு ரெண்டு கோரிக்கை இருக்கு. தலை எண்ணிக்கையை முந்தின நாளே சொல்ல ஒரு ஃபார்ம் போடுவோம், நம்மாள ஒரு மணி நேரத்துல செய்ய முடியாத வேலையா அது? அடுத்த கமிட்டிக் கூட்டத்துல மெஸ் மாஸ்டரையும், பாத்திரம் கழுவுற அக்காவையும் உட்கார வைப்போம். அதுக்கப்புறம் 'தி பேர்' நல்லாயிருக்கா இல்லையான்னு விடிய விடிய சண்டை போடலாம்.