எலி போட்ட ஜாமீன்

போன கார்த்திகையில் ஒரு தப்பு செய்தேன். சம்பா நெல்லில் இலைச்சுருட்டுப்புழு எட்டிப் பார்த்தது. வேப்பங்கொட்டை இடித்து ஊற வைக்கலாம் என்றால் வீட்டில் கொட்டை இருப்பு இல்லை. ஆனி, ஆடியில் மரத்தடியில் பொறுக்கிக் காயவைத்திருக்க வேண்டும்; அப்போது சோம்பல். டவுனுக்குப் போய், வேம்பிலிருந்து எடுத்த அசாடிராக்டின் பாட்டில் ஒன்றை வாங்கி வந்தேன். எதையும் படித்துப் பார்த்துத்தான் கை வைப்பது என்பது வங்கியில் வந்த பழக்கம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு லேபிளைப் பார்த்தேன். ஓரத்தில் சாய்த்து நிறுத்திய ஒரு சதுரம். அதன் கீழ்ப்பாதி முக்கோணத்தில் பச்சை நிறம்.

இந்த முக்கோணத்தை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை. சிவப்பு என்றால் கொடிய விஷம், பச்சை என்றால் பயமில்லை என்று கடைக்காரர் சொல்வார். அந்த நிறம் எப்படி வருகிறது என்று எத்தனை பேர் கேட்டிருப்போம்? எலியை வைத்து வருகிறது. எலியின் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம் விஷத்தை வாய்வழியாகக் கொடுத்தால், கொடுத்த எலிகளில் பாதி செத்துப்போகும் என்பது கணக்கு. 50 மில்லிகிராமுக்குள் என்றால் சிவப்பு. 51 முதல் 500 வரை மஞ்சள். 501 முதல் 5000 வரை நீலம். அதற்கு மேல் பச்சை. 1971-ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லி விதிகளில் இது அப்படியே இருக்கிறது. இந்த அளவுக்கு எல்டி50 என்று பெயர்.

1927-ல் டிரெவன் என்ற இங்கிலாந்து விஞ்ஞானி கொண்டுவந்த முறை இது. இன்சுலின், இதய நோய்க்கான டிஜிட்டாலிஸ் போன்ற மருந்துகளின் வீரியத்தை அளக்கத்தான் அவர் இதைக் கண்டுபிடித்தார். பிறகு கண்ணில் படும் ரசாயனத்துக்கெல்லாம் இதுவே அளவுகோல் ஆகிவிட்டது. எலியின் தொண்டைக்குள் குழாயைச் செருகி, வயிற்றில் விஷத்தை இறக்குவார்கள். பிறகு 14 நாள் உட்கார்ந்து பார்ப்பார்கள். வலிப்பு வருகிறதா, எச்சில் ஒழுகுகிறதா, எப்போது சாகிறது என்று குறிப்பு எழுதுவார்கள். வலி நிவாரணி கொடுப்பது அபூர்வம், முடிவு மாறிவிடும் என்று காரணம் சொல்வார்கள். முயலுக்கு வேறு வேலை. அதன் கண்ணில் பொருளை விட்டு, எவ்வளவு சிவக்கிறது, புண்ணாகிறது என்று பார்ப்பது. 1944-லிருந்து நடக்கிறது. சில விஷங்களை நாய்க்கும் மாதக்கணக்கில் கொடுத்துப் பார்க்கிறார்கள். அதற்கு பீகிள் என்ற சாது ஜாதி நாய்தான் தோது, கடிக்காது என்பதால். 2019-ல் அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து ஆய்வகம் ஒன்றில் பயிர்ப்பூஞ்சைக்கொல்லி ஒன்றுக்காக 36 பீகிள்களை வைத்திருந்த செய்தி வெளியே வந்து, ஜனங்கள் கொந்தளித்த பிறகுதான் அந்தச் சோதனையை நிறுத்தினார்கள்.

நான் வேலை பார்த்த காலத்தில் நடந்த ஒன்று ஞாபகம் வருகிறது. ஒருவர் கடன் கேட்டு வந்தார். ஜாமீன் போட, காது சரியாகக் கேட்காத தன் பெரியப்பாவைக் கூட்டி வந்திருந்தார். "என்ன எழுதியிருக்குன்னு பெரியவருக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். "அதெல்லாம் வீட்டுல சொல்லியாச்சு சார், கைநாட்டு வாங்கிக்குங்க" என்றார். பெரியவர் என்னைப் பார்த்துச் சிரித்தபடி கட்டைவிரலை நீட்டிக்கொண்டிருந்தார். நான் திருப்பி அனுப்பிவிட்டேன். கடனில் அவருக்கு ஒரு பைசா போகாது, கட்டாமல் போனால் மட்டும் அவர் நிலம் போகும். விவரம் தெரியாதவன் கைநாட்டில் கடன் கொடுக்கக் கூடாது என்பது எனக்கு எழுதாத சட்டம்.

அதே மேஜையில் உட்கார்ந்துதான் பயிர்க்கடன்களுக்குக் கையெழுத்துப் போட்டேன். ஏக்கருக்கு விதைக்கு இவ்வளவு, உரத்துக்கு இவ்வளவு என்று வரும் கணக்கில் 'பயிர்ப்பாதுகாப்பு' என்று ஒரு வரி வரும். நூற்றுக்கணக்கான விவசாயிகளுக்கு அந்த வரியைச் சேர்த்தே மஞ்சூர் செய்திருக்கிறேன். அந்த வரிக்குப் பின்னால் ஜாமீன் போட்டது யார் என்று அப்போது எனக்குத் தெரியாது. கைநாட்டுக்கூட வாங்காமல் எலியையும் முயலையும் நாயையும் ஜாமீன்தாரர் ஆக்கியிருக்கிறோம். விளைச்சல் நமக்கு, லாபம் கம்பெனிக்கு, சாவு மட்டும் அதுகளுக்கு.

"எலிகிட்ட பாக்காம மனுஷன்கிட்டயா பாக்க முடியும்?" என்று எங்கள் ஊர்க் கூட்டத்தில் ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. அந்த ஜாமீனாவது செல்லுமா என்று முதலில் பார்ப்போம்.

இலங்கையில் அநுராதபுரம், பொலன்னறுவைப் பக்கத்து மருத்துவமனைகளில், பூச்சிக்கொல்லி விஷம் ஏறி வந்தவர்களை மருத்துவர்கள் வருஷக்கணக்கில் கணக்கெடுத்தார்கள். 2005-லும் 2010-லும் முடிவுகள் வெளிவந்தன. இரண்டாவதில் மட்டும் ஒன்பதாயிரம் பேருக்கு மேல். எலிக் கணக்குப்படி குளோர்பைரிபாஸும் டைமீத்தோயேட்டும் ஏறத்தாழ ஒரே விஷம். உலக சுகாதார நிறுவனப் பட்டியலில் ஒரே வகுப்பு, நம் ஊரில் இரண்டுக்கும் மஞ்சள். மனிதர்களில்? குளோர்பைரிபாஸில் நூற்றுக்கு 8 பேர் செத்தார்கள், டைமீத்தோயேட்டில் 23 பேர். களைக்கொல்லி பாராகுவாட்டும் அதே வகுப்புதான். அதில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல். அதற்கு முறிவு மருந்தே கிடையாது. எலிக்கு வாந்தி எடுக்கத் தெரியாது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? அதன் ஈரல் வேறு, நம் ஈரல் வேறு. ஆய்வகத்து எலி கூண்டுக்குள் சுத்தமாக இருந்து ஒரே விஷத்தை ஒரு வேளை வாங்குகிறது. நம் ஆள் சித்திரை வெயிலில் சட்டையில்லாமல், இரண்டு மூன்றைக் கலந்து, கையால் கிண்டி அடிக்கிறான். 2017-ல் யவத்மாலில் பருத்திக்கு அடித்தே இருபது பேருக்கு மேல் செத்தார்கள். 2013-ல் பீகாரில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகளைக் கொன்றது மோனோகுரோட்டோபாஸ். அது சிவப்பு முக்கோணம். எலி அதைப் பற்றிச் சரியாகவே சொல்லியிருந்தது. சொன்ன பிறகும் பல வருஷம் கடையில் விற்றோமே!

சரி, எலிக் கணக்கு நூற்றுக்கு நூறு சரியாக இருந்தால் ஒத்துக்கொள்வாயா என்று கேட்பீர்கள். மாட்டேன். கணக்கு தப்பு என்பது பாதி வாதம்தான். நாளைக்கு இன்னும் துல்லியமான கொல்லும் முறை வந்தால் அந்த வாதம் செத்துவிடும். பெரியவரின் நிலத்துக்கு நல்ல மதிப்பு இருந்தது, ஜாமீன் செல்லும். அதற்காக நான் கைநாட்டு வாங்கியிருக்கலாமா? வலி தெரிந்த ஓர் உயிரை, அதற்கு எந்த நன்மையும் இல்லாத ஒரு காரியத்துக்காக, ஒரு எண் கிடைப்பதற்காக வதைப்பது தப்பு. அந்த எண் அவசியமே இல்லாத இடத்தில் அது இன்னும் பெரிய தப்பு.

இங்கே என்னை மடக்கலாம். என் வயலிலேயே எலிக்குத் தஞ்சாவூர் கிட்டி வைக்கிறேன். ஆந்தை உட்காரக் குச்சி நட்டிருக்கிறேன், ஆந்தைக்கு அழைப்பு வைப்பதும் கொலைதான். கிட்டியில் மாட்டின எலியைக் காலையில் எடுக்கும்போது சந்தோஷமாக இருக்காது. ஆனால் அது வரப்பில் ஓடி, என் நெல்லைத் தின்று, குட்டி போட்டு வாழ்ந்த எலி. எனக்கும் அதற்கும் நேரடி வழக்கு. ஆய்வகத்து எலிக்கு என்னோடு என்ன வழக்கு?

இன்னொன்று, இதைவிடக் கடினமானது. என் வீட்டம்மா தினமும் இன்சுலின் போட்டுக்கொள்கிறார். 1921-ல் டொரன்டோவில் நாய்களை வைத்துக் கண்டுபிடித்தது அது. அதன் யூனிட் கணக்கையே முதலில் முயலை வைத்துத்தான் நிர்ணயித்தார்கள். அந்த ஊசியைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுப்பவன் நான். ஆகவே மனித நோய்க்கான மருந்துச் சோதனை பற்றி அடித்துப் பேச எனக்கு வாய் இல்லை. மனசு மட்டும் உறுத்துகிறது. ஆனால் பூச்சிக்கொல்லி மருந்து இல்லை. 'மருந்து அடிக்கிறேன்' என்று சொல்லிச் சொல்லி நாம்தான் அந்தப் பெயரைக் கொடுத்தோம். இன்சுலின் இல்லாமல் என் மனைவி இருக்க முடியாது. பூச்சிக்கொல்லி இல்லாமல் நெல் விளையும் என்று இந்தப் பத்திரிகை படிக்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நாட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. கலாக்ஷேத்ராவை உருவாக்கிய ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் போராடியதன் பலனாக 1960-ல் மிருகவதைத் தடுப்புச் சட்டம் வந்தது. ஆனால் அதே சட்டத்தின் 14-ஆம் பிரிவு ஆய்வுக்கு வழிவிடுகிறது. மனிதர், விலங்கு மட்டுமல்ல, செடிகொடிகளின் நோயை எதிர்க்கவும் விலங்குகளில் சோதிக்கலாம் என்கிறது. 2014-ல் அழகுசாதனப் பொருள்களுக்கு இந்தச் சோதனையைத் தடை செய்தார்கள். உதட்டுச்சாயத்துக்காக முயல் கண்ணைக் கெடுக்காதே என்று சொல்ல முடிந்த நாடு, களைக்கொல்லிக்கும் அதைச் சொல்லலாம். மாற்று இல்லை என்பதும் பழைய பேச்சு. ஓஇசிடி அமைப்பு பழைய எல்டி50 முறையை 2002-லேயே தன் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. குறைந்த எலிகளோடு செய்யும் முறைகள் அதற்குப் பதிலாக வந்தன. கண் எரிச்சல் தராத பொருள்களைப் பிரித்தறிய, வளர்த்தெடுத்த மனிதக் கண் திசுவில் சோதிக்கும் முறையை 2015-ல் ஏற்றது.

இப்போது நம் பக்கத்துக் கதவைத் தட்டுகிறேன், கோபிக்க வேண்டாம். நான் வாங்கிய வேம்பு பாட்டிலிலும் அந்த முக்கோணம் இருந்ததே, எலி செத்துத்தான் அது பச்சையானது. இயற்கை என்று விற்கும் உயிரிப் பூச்சிக்கொல்லியும் பதிவுக்குப் போனால் எலி, முயல் சோதனை அறிக்கை கேட்கிறார்கள். 2021-ல் உரக்கட்டுப்பாட்டு ஆணையைத் திருத்தி, கடற்பாசிச் சாறு போன்ற உயிரி ஊக்கிகளுக்கும் எலிக்கு வாய்வழி விஷச் சோதனை, முயலுக்குத் தோல், கண் சோதனை என்று சேர்த்துவிட்டார்கள். நம் குழுக்களில் சிலர் பஞ்சகவ்யத்தைப் பாட்டிலில் அடைத்து, உரிமம் வாங்கி, ஊர் ஊராக விற்க வேண்டும் என்கிறார்கள். பிழைப்புக்கு வழி வேண்டும், புரிகிறது. ஆனால் அந்த வழியில் போனால் நாமும் எலியிடம் ஜாமீன் கேட்கப் போகிறோம். பதிவு கேட்பதற்கு முன் இயக்கமாக ஒன்றைக் கேட்போம்: தலைமுறைகளாக மனிதர் கைபட்டுப் புழங்கும் பொருள்களுக்கு விலங்குச் சோதனை அறிக்கை கேட்காதே என்று. அடுத்த மாநிலக் குழுவில் இதைத் தீர்மானமாக வைக்க நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். எதிர்க்கிறவர்கள் எதிர்க்கட்டும், பேசுவோம்.

அந்த பாட்டிலில் பாதி இன்னும் கொட்டகை அலமாரியில் இருக்கிறது. அடிக்கவும் மனசில்லை, கீழே கொட்டவும் மனசில்லை. ஏக்கருக்கு 10 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பு, 200 லிட்டர் தண்ணீர். எனக்கு இரண்டரை ஏக்கர். 25 கிலோ பருப்பு சேர வேண்டுமென்றால் இந்த ஆனியில் வாய்க்கால் மேட்டு மரத்தடியில் தினமும் காலையில் குனிய வேண்டும். முதுகு வலி டாக்டரிடம் இதைச் சொல்லவில்லை.