சுமப்பார் இன்றிச் சோலை இல்லை

மரம் நடவாது, ஆனால் மர இனம் நடக்கும். தனி மரம் முளைத்த இடத்திலேயே முதிர்ந்து, அவ்விடத்திலேயே மாய்கிறது. அதன் வழித்தோன்றல்களோ காற்றில் பறக்கின்றன, நீரில் மிதக்கின்றன, பறவையின் வயிற்றிலும் விலங்கின் குடலிலும் பயணம் செய்கின்றன. இப்பயணத்தையே விதைப்பரவல் என்கிறோம். இது நின்றுபோனால் காடு எவ்வளவு பசுமையாகத் தோன்றினும் அதன் எதிர்காலம் நின்றுபோயிற்று என்றே கொள்ள வேண்டும்.

தமிழ் பயில்வோர்க்கு இக்கருத்து புதிதன்று. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என வைத்து, அந்நிலத்திற்குரிய மரம், புள், விலங்கு முதலியவற்றைக் கருப்பொருள் எனத் தொகுத்தது நம் இலக்கணம். ஒவ்வோர் உயிர்க்கும் உரிய வெப்பமும் மழையும் உண்டு என்றும், அவ்வெல்லைக்குள்தான் அது தழைக்கும் என்றும் இன்றைய தாவரவியலார் கூறுவர். இதனைத் தட்பவெப்ப வாழ்களம் எனலாம். முதற்பொருள் திரிந்தால் கருப்பொருள் என்னாகும்? இவ்வினாவுக்கு விடை காணத் தீவுகளே தக்க இடம். அவற்றுள்ளும் மொரீஷியஸ் தீவு தலையாய சான்று.

ஒரு தீவின் கதை

இந்தியப் பெருங்கடலின் தென்மேற்கில், மடகாஸ்கருக்குக் கிழக்கே, எரிமலைக் குழம்பால் எழுந்த தீவு மொரீஷியஸ். எந்தப் பெருநிலத்தோடும் அது ஒருபோதும் இணைந்திருந்ததில்லை. ஆகவே அங்கு முதலில் வேர்கொண்ட ஒவ்வொரு செடியும் கடல் கடந்து வந்த விருந்தே. விதைகள் கடலைத் தாண்டுமா என ஐயுற்ற சார்லஸ் டார்வின், 87 வகை விதைகளை உப்புநீரில் இட்டுச் சோதித்தார். 28 நாள்கள் ஊறிய பின்னரும் அவற்றுள் 64 வகைகள் முளைத்தன. அலையும் புயலும் பறவையும் கொணர்ந்த அத்தகைய விதைகள், இலட்சக்கணக்கான ஆண்டுகளில் வேறெங்கும் காணவியலாத மரங்களாக மாறின. மேற்குக் கரையின் வறண்ட தாழ்நிலத்தில் ஓரினமும், ஆண்டுக்கு 4000 மில்லிமீட்டர் வரை மழை பெறும் நடுமேட்டில் வேறோரினமுமாக அவை இடம்பிரித்து வாழ்ந்தன.

வந்தது கடல்வழி எனினும், வந்தபின் தீவுக்குள் விதையைச் சுமந்தவர் வேறு. நிலத்தில் பேராமைகளும் டோடோ என்னும் பறக்கவியலாப் பறவையும், வானில் பழந்தின்னி வௌவால்களும், கிளைகளிடையே சிறுபறவைகளும் அப்பணியை ஆற்றின. 1598இல் டச்சுக்காரர் கரையிறங்கினர். அவர்களும் பின்வந்த பிரெஞ்சுக்காரரும் ஆமைகளைக் கப்பல் உணவாக்கினர். கருங்காலி மரங்களை வெட்டி ஏற்றுமதி செய்தனர். எலியும் பன்றியும் குரங்கும் கப்பலேறி வந்து முட்டைகளையும் குஞ்சுகளையும் சூறையாடின. 17ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் டோடோ மறைந்தது. அத்தீவுக்கே உரிய இருவகைப் பேராமைகளும் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் முற்றிலும் அழிந்தன. எஞ்சிய தாழ்நிலக் காடு கரும்புக்கு இரையாயிற்று. 1834 முதல் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற நம்மவர் வியர்வையும் அக்கரும்புத் தோட்டங்களில் கலந்துள்ளது என்பதை நாம் மறத்தலாகாது. இன்று நல்ல நிலையில் எஞ்சியுள்ள இயற்கைக் காடு தீவின் பரப்பில் 2 விழுக்காட்டுக்கும் குறைவு.

ஒருவரை மட்டும் நம்பிய கதை

1977இல் ஸ்டான்லி டெம்பிள் என்னும் அறிஞர் வியப்பூட்டும் கருத்தொன்றை வெளியிட்டார். தம்பலகோக் என்னும் மரத்தின் கெட்டியான விதை, டோடோவின் இரைப்பையில் அரைபட்டால்தான் முளைக்கும். டோடோ அழிந்ததால் மரமும் அழிகிறது என்றார். வான்கோழிகளுக்கு அவ்விதைகளை ஊட்டிச் சில முளைத்ததையும் சான்றாகக் காட்டினார். உலகமே இக்கதையை விரும்பிக் கேட்டது. ஆனால் பின்வந்தோர் ஆராய்ந்தபோது, டோடோ மறைந்த பின்னர்த் தோன்றிய இளைய மரங்களும் உண்டு என்பதும், விலங்கின் வயிற்றுள் புகாமலும் சில விதைகள் முளைக்கும் என்பதும் புலனாயின.

கதை தளர்ந்தது, ஆயினும் அதிலிருந்து பெறும் பாடம் தளரவில்லை. காட்டின் வாழ்வு ஒரு பறவையின் மேல் மட்டும் நிற்பதன்று. பல சுமப்போர் சேர்ந்து பின்னிய வலை அது. ஓர் இழை அறுந்தால் மற்றோர் இழை தாங்கும். இழைகள் ஒவ்வொன்றாய் அறுந்துகொண்டே போனால், இறுதி இழையைக் காப்பதே அறிவுடைமை.

வெப்பம் விரட்டுகிறது

உயரம் 1000 மீட்டர் கூடினால் வெப்பம் ஏறத்தாழ 6 பாகை செல்சியஸ் குறையும். அவ்வாறாயின் புவியின் வெப்பம் 1 பாகை உயரும்போது, ஒரு செடி தனக்குப் பழகிய குளிர்ச்சியைப் பெற ஏறத்தாழ 160 மீட்டர் மேலேற வேண்டும். மொரீஷியஸின் மிக உயர்ந்த முடியோ 828 மீட்டர்தான். அடிவாரத்துக்கும் முடிக்கும் இடையே உள்ள வேறுபாடே 5 பாகை அளவினது. பெருநிலத்துச் செடிக்கு வடக்கும் தெற்கும் வழி உண்டு. தீவுச் செடிக்கு மேல்வழி ஒன்றே உண்டு, அதுவும் குறுகியது.

அக்குறுகிய வழியிலேனும் விதையை ஏற்றிச் செல்வார் யார்? இன்று அங்குப் பழம் தின்னும் உயிர்கள் பல, வெளியிலிருந்து புகுந்தவை. 1892இல் கொணரப்பட்ட செம்மீசைச் சின்னான் நம் நாட்டுத் தோட்டங்களிலும் பாடும் பறவைதான். அங்கோ அது, இலங்கையிலிருந்து சென்று களையாய்ப் பரவிய லிகஸ்ட்ரம் போன்ற செடிகளின் சிறுவிதைகளைக் காடெங்கும் தூவுகிறது. அதன் அலகுக்குள் அடங்காத பெரிய விதையுடைய நாட்டு மரங்கள் சுமப்பாரின்றி நிற்கின்றன. வந்தேறிய செடிக்கு வாகனம் உண்டு. மண்ணின் செடிக்கு இல்லை என்பதே இன்றைய நிலை.

இரு வழிகள்

இந்நிலையில் மரக்கன்றுகளை நட்டால் போதாதா என்பர் சிலர். நடுதல் நன்றே. ஆனால் நட்டவர் கை ஓய்ந்தபின் அடுத்த தலைமுறையை யார் நடுவார்? கன்றைக் காப்பதோடு, கன்றைப் பரப்பும் உறவையும் காக்க வேண்டும் என்பதே நம் கருத்து.

இதற்கு ஈல் ஓ எக்ரெத் என்னும் குறுந்தீவு வழிகாட்டுகிறது. 26 ஹெக்டேர் அளவேயான அத்தீவில், மொரீஷியஸின் பேராமைகளுக்கு மாற்றாக, சீஷெல்ஸைச் சேர்ந்த அல்டாப்ராப் பேராமைகள் 2000ஆம் ஆண்டில் கொண்டுவரப்பட்டன. அவை கருங்காலிப் பழங்களைத் தின்று, மரங்கள் வெட்டப்பட்டு வெறுமையாய்க் கிடந்த பகுதிகளிலும் விதைகளை இட்டன. ஆமையின் குடல் வழியே சென்ற விதைகள் நன்கு முளைத்தன என்று 2011இல் வெளியான ஆய்வு காட்டிற்று. நூற்றாண்டுக்கு மேலாய் அறுந்திருந்த உறவொன்று மீண்டும் தளிர்த்தது.

வேற்றுயிரைக் கொணர்ந்ததால் அழிந்த தீவில் மீண்டும் வேற்றுயிரா என வினவுவோர் உளர். முறையான வினாவே அது. குரங்கையும் பறவையையும் விடுத்தபின் திரும்பப் பிடித்தல் அரிது; ஆமையோ மெல்ல நடக்கும், மெல்லப் பெருகும், தீங்கு நேரின் எளிதில் அகற்றப்படும். முதலில் வேலிக்குள் வைத்துப் பார்த்து, பின்னரே உலவவிட்டனர். ஆராயாது புகுத்துவதும், ஆராய்ந்து ஈடுசெய்வதும் ஒன்றாகா.

இரண்டாவது வழி இன்னும் எளியது: இருப்பதை இழவாதிருத்தல். மொரீஷியஸின் பழந்தின்னி வௌவால், ஓரிரவில் பல கிலோமீட்டர் பறந்து, துண்டுபட்ட காடுகளிடையே விதைகளைச் சுமக்கிறது. பெரிய விதைகளைத் தூக்கிச் செல்லும் ஆற்றல் கொண்டு எஞ்சியது அதுவே. அவ்வௌவால் லிச்சிப் பழங்களையும் மாம்பழங்களையும் உண்கிறது என்னும் குற்றச்சாட்டின்பேரில், 2015இல் அரசே 30,000க்கும் மேற்பட்டவற்றைக் கொன்றது. 2016இலும் கொலை தொடர்ந்தது. 2018இல் பன்னாட்டு இயற்கைக் காப்பு ஒன்றியம் அதனை அழியும் ஆபத்திலுள்ள இனமாக அறிவித்தது. உழவரின் இழப்பை நாம் எள்ளி நகையாடவில்லை. ஓராண்டு உழைப்பு ஓரிரவில் போவது கொடிது. ஆயினும் மரத்தின்மேல் வலைவிரித்துப் பழத்தைக் காக்கலாம். அவ்வலையின் விலையை அரசு தாங்கலாம். சுமப்போனைக் கொன்றபின் காட்டைக் காக்க எவ்வலை உண்டு?

கியூர்ப்பீப் நகரத் தாவரவியல் பூங்காவில் ஒரு பனையினத்து மரம் நிற்கிறது. உலகில் அவ்வினத்தில் எஞ்சியது அது ஒன்றே. வேலியும் காவலும் அதற்கு உண்டு. உறவு ஒன்றுதான் இல்லை. உயிரோடு இருப்பது வேறு, வாழ்வது வேறு என்பதற்கு அதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

மாணவ மணிகள் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். மரம் நடும் விழா எடுக்கும்போது, அம்மரத்தின் பழத்தை உண்பது எது, அதன் விதையைச் சுமப்பது எது என்றும் வினவுங்கள். விடை தெரியாவிடின் தேடுங்கள். தெரிந்தால் அவ்வுயிரையும் சேர்த்துக் காத்திடுங்கள். மூத்தோரும் தம் தோட்டத்து வௌவாலையும் பறவையையும் கல்லெறிந்து விரட்டுமுன் சற்றே பொறுத்தருள வேண்டுகிறோம். நாம் நடுவது ஒரு மரம். அவை நடுவதோ காடு.